மனை விலையும் வாடகையும்

கல்வி முற்றி ஊதியம் பெறத் தொடங்கிய நம் பழைய மாணவர் பலர், மூன்று நான்கு ஆண்டுகள் சென்றதும் நம்மிடம் வந்து கேட்கும் வினா ஒன்றுண்டு: "ஐயா, கையிற் சிறிது பொருள் சேர்ந்திருக்கிறது. வங்கியிற் கடனும் தருவதாகச் சொல்லுகிறார்கள். ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?" விடலாம் என்பதும் விடலாகாது என்பதும் எளிய விடைகளே. எந்த ஊரில், எந்தத் தெருவில், என்ன விலைக்கு என்பதை ஆராயும் முறையை அவர்களுக்குக் கற்பித்தார் எவருமிலர். வகுப்பிலே தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் பிழையின்றி வரைந்த மாணவனும், ஒரு தெருவிற்போய் நின்றால் அக்கோடுகளைக் காணமாட்டாமல், தரகர் வாய்ச்சொல்லையே வேதவாக்காகக் கொள்ளுகின்றான். ஆதலின், தாம்பரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வாராய்ச்சியின் முதற் பாடத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

ஒரு வீட்டிற்கு இரண்டு விலைகள் உண்டு. வாங்குவோன் ஒருமுறை கொடுப்பது ஒன்று. குடியிருப்போன் திங்கள்தோறும் கொடுப்பது மற்றொன்று. முன்னதில் நாளைய நம்பிக்கையும், சில வேளை பேராசையும் கலந்திருக்கும். பின்னதில் இன்றைய நிலையே விளங்கும். பத்தாண்டு கழித்து வரப்போகும் அகன்ற சாலைக்காக இன்று நூறு ரூபாய் கூட்டிக் கொடுக்கும் குடித்தனக்காரர் உலகத்தில் இல்லை. தண்ணீர் வருகிறதா, இரயிலடிக்கு நடந்து போகலாமா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அருகில் உண்டா என்பவையே அவர் கணக்கு. ஆகவே ஓரிடத்தை அறியப் புகுவோன் முதலில் அவ்விடத்து வாடகையை அறிதல் வேண்டும்.

இதற்குப் பெரிய நிலப்பரப்பு வேண்டுவதில்லை. காலால் நடந்து தீர்க்கக்கூடிய அளவே போதும். தாம்பரம் இரயில் நிலையத்திற்கு மேற்கே பத்துத் தெருக்களை எடுத்துக்கொண்டு, கையில் ஒரு குறிப்பேட்டுடன் ஞாயிறுதோறும் செல்க. 'வாடகைக்கு விடப்படும்' என்னும் பலகை எங்கெங்கே தொங்குகிறது, இரண்டு படுக்கையறை வீட்டிற்கு என்ன கேட்கின்றனர், முன்பணம் எவ்வளவு என்று எழுதிக்கொள்க. திங்கள் ஒன்று கழித்து அதே தெருக்களுக்கு மீண்டும் செல்க. பலகை இறங்கியிருந்தால் கேட்ட வாடகை அத்தெருவிற்கு ஏற்றது. அதே பலகை வெயிலிற் சாயம் போய் அங்கேயே தொங்குமாயின், அது வீட்டுக்காரரின் விருப்பமேயன்றி வாடகையன்று. இவ்வொரு வேறுபாட்டை அறிய எம்மிற் சிலருக்கு ஆண்டுகள் பல சென்றன.

இனிக் கணக்கிற்கு வருவோம். பழைய வீடொன்று 60 இலட்சம் ரூபாய்க்கு விலைபேசப்படுகிறதென்றும், அதற்குத் திங்கள் வாடகை 15,000 ரூபாய் என்றும் கொள்வோம். 2023 ஏப்ரலிலிருந்து தமிழ்நாட்டிற் பதிவுக் கட்டணம் நூற்றுக்கு இரண்டாகக் குறைக்கப்பட்டது. முத்திரைத் தீர்வை முதலியன ஏழு. ஆக ஒன்பது விழுக்காடு, அதாவது 5,40,000 ரூபாய், கிரயத்தின்மேற் சேரும். ஒரு திங்கள் வீடு காலியாய்க் கிடக்கும் என்று வைத்து, பதினொரு திங்கள் வாடகை 1,65,000. வீட்டுவரி, வெள்ளையடிப்பு, குழாய் பழுது இவற்றிற்கு 25,000 போக எஞ்சுவது 1,40,000. இட்ட முதல் 65,40,000. நூற்றுக்கு இரண்டு சொச்சமே வருவாய்! இதில் 45 இலட்சத்தை நூற்றுக்கு எட்டு வட்டியிற் கடனாக வாங்கியிருந்தால், முதலாண்டு வட்டி மட்டும் திங்களுக்கு 30,000 ரூபாய் ஆகும். வாடகையோ அதிற் பாதி.

"விலை ஏறுமே, ஐயா" என்பர். ஏறலாம், ஆனால் ஏறும் என்பது நம்பிக்கை. அதற்குக் காரணம் உளதா என்று ஆராய்தல் வேண்டும். 1931ஆம் ஆண்டிற் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியதனாலே இப்புறநகர்கள் பெருகின; அது மெய்யான காரணம். கிளாம்பாக்கத்துப் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30ஆம் நாள் திறக்கப்பட்டது. அஃதும் காரணமே, எனினும் அம்முனையம் வருமென்பது பல்லாண்டுகட்கு முன்னரே யாவரும் அறிந்த செய்தி. யாவரும் அறிந்ததை விற்பவரும் அறிவர். தம் விலையில் அதனை முன்னமே சேர்த்திருப்பர்.

விலையை இறக்கும் காரணங்களைத் தரகர் கூறார். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்து, மக்களைப் படகில் ஏற்றவேண்டி வந்தது. ஆண்டுகள் கழிந்தபின் சுவரிற் புதுச்சாயம் பூசியிருப்பர். ஆனால் அத்தெருவிற் பால் ஊற்றுபவரைக் கேட்டால், தண்ணீர் எந்தப் படிவரை வந்ததென்று கை வைத்துக் காட்டுவார்.

கேட்கும் விலையோடு பதிந்த விலையையும் ஒப்பிடுதல் நன்று. பதிவுத்துறையின் இணையதளத்திற் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரம் பார்த்தால், அந்நிலத்தை யார் யாருக்கு எந்நாளில் என்ன தொகைக்கு விற்றனர் என்பது தெரியும். பக்கத்து மனைகளுக்கும் பார்க்கலாம். முத்திரைச் செலவுக்கு அஞ்சிக் குறைத்து எழுதும் வழக்கம் இருந்தமையால் பழைய தொகைகளை அப்படியே நம்புதற்கில்லை. அரசின் வழிகாட்டி மதிப்பும் தீர்வைக்கென வகுத்ததே. சந்தை விலையென்று அதனை மயங்கற்க.

நிற்க. எம் நண்பர் ஒருவர், ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர், 2011இல் தம் சேமநிதிப் பணத்தைக்கொண்டு இரண்டு கிரவுண்டு மனை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றிச் சென்று, மதிய உணவும் அளித்து, வண்ணக் கற்கள் நட்ட வெளியைக் காட்டினர். ஊராட்சி ஒப்புதல் உண்டென்றனர். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் நகர் ஊரமைப்பு இயக்ககத்திடமாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமாவது பெறுதல் வேண்டும் என்பதை அவர் அறியார். 2016இல் ஒப்புதலற்ற மனைகளின் பதிவுக்குத் தடை வந்தது. மகளின் திருமணத்திற்கென்று வைத்திருந்த மனையை விற்க இயலாமல், வரன்முறைப்படுத்தும் திட்டம் 2017இல் வந்தபின் கட்டணங்கள் கட்டி, அலுவலகம் அலுவலகமாய் நடந்தார். திருமணம் கடனில் நடந்தது. "அன்று நான் பத்திரத்தைத்தான் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன், ஒரு மைல் சுற்றளவில் வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் ஒருவர்கூட இல்லை என்பதையும் பார்க்கவில்லை" என்று அவர் எம்மிடம் சொன்னார்.

இக்காலத்து மாணவர்க்கு அவரினும் வசதிகள் மிகுதி. 2016ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, 500 சதுரமீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவுகள் விற்பனைக்கு முன்னரே பதிவு செய்யப்படல் வேண்டும். அப்பதிவெண்ணை எவரும் சரிபார்க்கலாம். தாய்ப்பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டுவதற்கு ஆகும் செலவு, மனை விலையை நோக்க மிகச் சிறிதே.

நம் வகுப்பு மாணவர் இருவர் சென்ற புரட்டாசியில் ஒன்பது தெருக்களுக்கு இவ்வாறு குறிப்பேடு எழுதி வந்தனர். வாடகைப் பலகைகள் நாற்பத்தொன்று. அடுத்த திங்களில் இறங்கியவை இருபத்தாறு. கார்த்திகைக்குரிய பக்கம் மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. நல்ல மழை பெய்த மறுநாட் காலையிற் சென்று, எந்தத் தெருவில் நீர் நிற்கிறதென்று பார்த்து வருவதாகச் சொல்லியிருக்கின்றனர்.