பேசுவதும் வைத்தியம்தான்

"எனக்கென்ன பைத்தியமா, மனநல டாக்டர்கிட்ட போக?" என்று நம் குழுக்களில் இன்னும் கேட்கிறார்கள். இத்தனைக்கும் தமிழகத்தில் மாவட்ட மனநலத் திட்டம் 1997-ல் முதலில் வந்ததே நம் திருச்சிக்குத்தான்!

மனநல மருத்துவர் மாத்திரை எழுதுவார். உளவியலாளர் எழுதமாட்டார்; பேசித்தான் குணப்படுத்துவார். பயிற்சியில் இருக்கும் பெண் என்றால் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில்தான் பேசுவார். அவர் யார், என்ன படித்தார் என்று நாம் தாராளமாகக் கேட்கலாம்.

ஸ்ரீரங்கத்தில் ஓர் அக்காவுக்கு மாதக்கணக்கில் தூக்கமில்லை, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியாளர் உடனே புத்திமதி சொல்லமாட்டார் (அதைச் சொல்லத்தான் வீட்டில் நாலு பேர் இருக்கிறார்களே!). எப்போதிலிருந்து, சாப்பாடு எப்படி என்று கேட்பார். "ரெண்டு வருஷமா தவணை தவறாம கட்டினது யாரு?" என்பார். அக்கா யோசிப்பார். பிறகு சின்ன வேலை ஒன்று: சாயங்காலம் அம்மா மண்டபம் வரை நடக்கணும். அடுத்த வாரம் அதைப் பற்றிக் கேட்பார். ஒரே நாளில் மாறாது; பல வாரம் ஆகும்.

சொன்னது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில் மட்டும் உரியவரிடம் சொல்வார்.

புத்தூர் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக முடியாதவர்கள் 14416-க்கு எந்நேரமும் பேசலாம். இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.