ரிப்போர்ட் நார்மல், வயிற்றுவலி நிஜம்

அன்புள்ள கண்ணு,

நேற்று இரவு நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. ரத்தப் பரிசோதனை நார்மல், ஸ்கேன் நார்மல், ஸ்ட்ரெஸ்ஸைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று இந்த டாக்டரும் சொல்லி அனுப்பிவிட்டார் என்றாய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். “எனக்கே என்மேல் சந்தேகமா இருக்கு பெரியம்மா, நான்தான் பெரிசுபடுத்துறேனோ?” என்று கேட்டாயே, அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் ஒருமுறை கேட்டுவிட்டு மறந்துவிடுவாய். காகிதம் என்றால் பையில் கிடக்கும். டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது எடுத்துப் படிப்பாய்.

நீ பெரிசுபடுத்தவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பி, பூன் லே நிலையத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்து, வந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுகிற பெண்ணைப் பார்த்து யார் அப்படிச் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். வலியை ஆராயும் உலகச் சங்கம் ஒன்று இருக்கிறது. 1979இல் வகுத்த வரையறையை அது 2020இல் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதிவைத்தது. மருத்துவம் படித்தவர்கள் கூடி எடுத்த முடிவு அது.

சின்ன வயதில் நம் வீட்டில் அப்பர் கதை கேட்டிருக்கிறாய். சூலை நோய் வந்து குடலைப் பிடுங்கும்போது, கூட இருந்தவர்கள் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள் என்கிறது பெரியபுராணம். அவர் ஆள் அனுப்பியது திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாருக்கு. பக்திக் கதையாகத்தான் எல்லோரும் அதைச் சொல்வார்கள். நர்ஸாக வேலை பார்த்த எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. வலியோடு இரவில் வந்து நின்ற தம்பியை அந்த அக்கா சந்தேகப்படவில்லை. அப்படி ஒருத்தி பக்கத்தில் இருந்தால் பாதித் தெம்பு வந்துவிடும். உனக்கு நான் இருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேன் நார்மல் என்றால், அந்தக் கருவியால் பார்க்க முடிந்தவற்றில் கோளாறு இல்லை என்றுதான் பொருள். அல்ட்ராசவுண்டு பித்தப்பைக் கல்லைக் காட்டும், சினைப்பைக் கட்டியைக் காட்டும், சிறுநீரகம் வீங்கியிருந்தால் காட்டும். வயிற்றுச் சுவரில் சிக்கிக்கொண்ட ஒரு நரம்பைக் காட்டாது. குடல் எவ்வளவு கூச்சத்தோடு வேலை செய்கிறது என்று காட்டாது. வயிற்றின் உள்சவ்வில் அங்கங்கே ஒட்டியிருக்கும் சிறுசிறு திட்டுகளையும் பெரும்பாலும் காட்டாது.

கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. மாதவிடாய்க்குச் சில நாள் முன்னாலிருந்தே வலி கூடுகிறது, அந்த நாட்களில் டாய்லெட் போகும்போது உயிர் போகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னாய். டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டேன். “அவர் கேக்கல பெரியம்மா” என்றாய். கண்ணு, நீ வயிற்றுவலி என்று போனாய், அவர் வயிற்றைப் பார்த்தார். இரைப்பைக்கு மாத்திரையும் இரண்டு நாள் மருத்துவ விடுப்புக்கு எம்சியும் எழுதினார். மாதவிடாய்ப் பேச்சு அந்த அறைக்குள் வரவே இல்லை.

எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒரு நோய். கருப்பையின் உள்படலம் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடலிலோ சிறுநீர்ப்பை மேலோ வளர்வது. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இவ்வளவு பரவலான நோயைக் கண்டுபிடிக்கவே பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் இந்த நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்று ஐரோப்பிய மருத்துவர் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி டாக்டர்களுக்கே சொல்கிறது. உனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. அதைப் பற்றி யாரும் உன்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஹிலரி மேன்டல் என்ற ஆங்கில நாவலாசிரியை, புக்கர் பரிசை 2009இலும் 2012இலும் வாங்கியவர். இருபதுகளில் அவருக்கும் இப்படித்தான் வலி. மனக்கோளாறு என்று சொல்லி அதற்கான மாத்திரைகளைக் கொடுத்தார்கள். கணவரோடு போட்ஸ்வானாவில் இருந்தபோது மருத்துவப் புத்தகம் ஒன்றைப் புரட்டித் தன் நோய் எண்டோமெட்ரியோசிஸ் என்று அவரே கண்டுபிடித்தார். 27 வயதில் லண்டனில் அறுவை சிகிச்சை நடந்தது. கருப்பையையும் சினைப்பைகளையும் எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெண் சொன்னதை முதல் டாக்டரே காது கொடுத்துக் கேட்டிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. உன்னை அந்த அளவுக்குப் போகவிட மாட்டேன்.

வேறு காரணங்களும் இருக்கலாம். வலி எப்போதும் ஒரே இடத்தில், ஒற்றை விரலால் தொட்டுக்காட்டும்படி இருந்தால் அது உள்ளுறுப்பில் இல்லாமல் வயிற்றுச் சுவரில் இருக்கலாம். 1926இல் கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இதற்கு எளிய சோதனை ஒன்றை எழுதிவைத்தார். மல்லாந்து படுக்கவைத்து, வலிக்கும் இடத்தில் விரலை அழுத்திக்கொண்டு, தலையைத் தூக்கச் சொல்வார்கள். தசை இறுகியும் வலி குறையாமல் கூடினால் சுவரில்தான் கோளாறு. இதற்கு மெஷின் வேண்டாம், அரை நிமிஷம் போதும். ஆனால் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து உன் வயிற்றில் கை வைக்க வேண்டும். இதுவரை பார்த்தவர்களில் எத்தனை பேர் உன்னைப் படுக்கவைத்துப் பார்த்தார்கள்?

குடல் எரிச்சல் நோய், ஐபிஎஸ், என்று ஒருவேளை சொன்னால் அதை ஒதுக்கித் தள்ளியதாக எடுத்துக்கொள்ளாதே. மூன்று மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வலி, மலம் கழிப்பதோடு அதற்குள்ள தொடர்பு, மலத்தின் போக்கில் மாற்றம் என்று அதற்குத் தெளிவான அளவுகோல் உண்டு. 2016இல் ரோம் குழு என்ற நிபுணர் அணி வகுத்தது. அதற்கு மருந்தும் உண்டு. குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் கொடுக்கலாம். மருந்துச் சீட்டில் மனச்சோர்வு மாத்திரை என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள் என அழாதே. குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் நரம்புகளின் வலியைக் குறைக்கத்தான் அதைக் கொடுப்பது. சாப்பாட்டையும் மாற்றச் சொல்வார்கள். வெங்காயம், பூண்டு, பருப்பு மூன்றையும் சில வாரம் நிறுத்து என்றால் நம் சமையலில் என்ன மிச்சம் இருக்கிறது என்று திகைப்பாய். அதை நீயாக இணையத்தைப் பார்த்துச் செய்யாதே, உணவியல் நிபுணரிடம் அனுப்பச் சொல். எதை எப்போது திரும்பச் சேர்ப்பது என்று அவர்கள்தான் சொல்லித்தருவார்கள்.

ஸ்ட்ரெஸ் என்ற பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனக்கவலை வலியைக் கூட்டும், அது உண்மை. ஆனால் அதையே முழுக் காரணமாகச் சொல்லி டாக்டர்கள் தவறியதும் உண்டு. குடல்புண் என்றால் கவலையும் காரமும்தான் காரணம் என்று பல தலைமுறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரன், மார்ஷல் என்ற இருவர் அதற்குப் பின்னால் ஒரு கிருமி இருப்பதை 1980களில் காட்டினார்கள். 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னால் எத்தனை பேர் கவலைப்படாதே என்ற அறிவுரையோடு புண்ணையும் சுமந்திருப்பார்கள்!

இப்போது நீ செய்ய வேண்டியது. முதல் காரியம், டாக்டர் மாற்றுவதை நிறுத்து. பூன் லேயில் புளோக்குக்குக் கீழே ஒரு கிளினிக், கடைத்தொகுதியில் ஒன்று, கம்பெனி பட்டியலில் இன்னொன்று. வலி வந்த அன்று எது திறந்திருக்கிறதோ அதில் நுழைந்து எம்சி வாங்கிக்கொண்டு வருகிறாய். ஒவ்வொரு டாக்டருக்கும் நீ முதல் நாள் வயிற்றுவலிக்காரி. ஐந்து நிமிஷத்தில் அவர் முதல் நாள் வைத்தியத்தைத்தான் செய்வார். நீ மாதக்கணக்கில் அலைந்த அலைச்சல் எந்த ஒரு கோப்பிலும் முழுசாக இல்லை. நம் சிங்கப்பூரில் வைத்தியம் எளிதாகக் கிடைப்பதில் இப்படி ஒரு சங்கடம். 2023இல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் ஒருவருக்கு ஒரே குடும்ப டாக்டர் என்கிறது, ஆனால் அது 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. உன் வயதுக்காரர்கள் தாங்களேதான் ஒருவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பயனியர் பாலிகிளினிக் உனக்குப் பக்கத்தில்தான், ஜூரோங் வெஸ்ட் ஸ்திரீட் 61இல். ஹெல்த்ஹப் செயலியில் நேரம் எடு. அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனையின் நிபுணரிடம் போனால் குடிமக்களுக்கு உதவித்தொகைக் கட்டணம். நேராகப் போனால் முழுப் பணமும் நீ கட்ட வேண்டும். இங் டெங் ஃபோங் மருத்துவமனை உனக்குக் கிட்டத்தில் இருக்கிறது. பெண்கள் நோய்ப் பிரிவுதான் என்றால் கேகே மகளிர் மருத்துவமனைக்குக் கேட்டுப் பார். தேக்காவில் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், வந்துவிட்டு இங்கேயே சாப்பிட்டுப் போகலாம்.

போவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் போடு. தேதி, நேரம், எங்கே, எவ்வளவு நேரம், என்ன சாப்பிட்டாய், மலம் எப்படி, மாதவிடாயின் எத்தனையாவது நாள், என்ன மாத்திரை, கேட்டதா இல்லையா. வலி என்று மட்டும் எழுதாதே. குத்துகிறதா, முறுக்குகிறதா, எரிகிறதா, முதுகுக்குப் பாய்கிறதா என்று எழுது. எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த வலியால் எதைச் செய்ய முடியாமல் போனது என்பது. எந்த ஷிப்டு போகவில்லை, எந்த இரவு விழித்திருந்தாய், யார் கல்யாணத்துக்கு வராமல் இருந்தாய். இரண்டு மாதவிடாய் அடங்குமளவுக்கு எழுதினால் போதும். அதற்காக நேரம் எடுப்பதைத் தள்ளிப்போடாதே, எழுதிய வரைக்கும் கொண்டு போ.

வார்டில் நான் கண்ணாரப் பார்த்தது இது. வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டு அட்டவணையில் குறிக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு, கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி, நம் பெண்கள் “ரெண்டு, மூணு இருக்கும் சிஸ்டர்” என்பார்கள். டாக்டர் வந்ததும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு “பரவாயில்ல டாக்டர்” என்று சிரிப்பார்கள். டாக்டர் அட்டவணையில் இருக்கும் ரெண்டைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். வலியை மறைப்பது மரியாதை என்று நமக்குச் சொல்லி வளர்த்துவிட்டார்கள். எட்டு என்றால் எட்டு என்று சொல்.

டாக்டரிடம் சண்டை வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக, இந்த வலியால் மாதத்தில் இத்தனை நாள் வேலைக்குப் போக முடியவில்லை, மாதவிடாயோடு கூடுகிறது என்று சொல்லி நோட்டை நீட்டு. பிறகு கேள். என்னவாக இருக்கலாம் என்று நினைக்கிறீர்கள்? எதையெல்லாம் இல்லை என்று உறுதிசெய்துவிட்டீர்கள்? இந்த மருந்து கேட்காவிட்டால் அடுத்தது என்ன, எப்போது வரட்டும்? நிபுணரிடம் அனுப்ப வேண்டாம் என்றால், கேட்டதையும் மறுத்த காரணத்தையும் கோப்பில் எழுதிவிடுங்கள் என்று பணிவாகச் சொல். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்படமாட்டார். சொல்லியும் கேட்காதவராக இருந்தால் மட்டும், எல்லா ரிப்போர்ட்டின் நகலையும் வாங்கிக்கொண்டு வேறொருவரிடம் போவோம்.

உங்கம்மாவிடம் நான் பேசுகிறேன். சூட்டுவலி, வாயு, குடல் ஏறியிருக்கு, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் பதில் பேசிக் களைத்துப்போகாதே. ஓமத் தண்ணீர் கொடுத்தால் குடி, கெடுதல் இல்லை. வயிற்றை உருவிவிடுகிறேன் என்று யாராவது வந்தால் விடாதே.

சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. மலத்தில் ரத்தம் அல்லது தார் போன்ற கறுப்பு, தானாக எடை குறைவது, விடாத காய்ச்சல், மஞ்சள் காமாலை இருந்தால் அன்றே டாக்டரைப் பார். திடீரென்று தாங்க முடியாத வலி, வயிறு கல்லாக இறுகுவது, மயக்கம், நிற்காத வாந்தி, கர்ப்பமாக இருக்கலாம் என்ற நிலையில் வலி என்றால் யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழை.

இன்று இரவே நோட்டைத் தொடங்கு. நாளைக் காலை பயனியரில் நேரம் எடுத்துவிட்டு, தேதியை எனக்கு அனுப்பு. நானும் வருகிறேன், உள்ளே உன் பக்கத்தில் உட்காருகிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா