ஐ-20 கைப்பையில் இருக்கட்டும்

அமெரிக்காவில் படிக்கப் போகிறவர்களுக்கு எல்லாம் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவத்தில்தான் தொடங்குகிறது. அது வந்ததும் பெயர், பிறந்த தேதி இரண்டையும் பாஸ்போர்ட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இனிஷியலை விரித்து எழுதும்போதுதான் நம் பிள்ளைகளுக்குப் பெயர்க் குழப்பம் வருகிறது. பிழை இருந்தால் அன்றைக்கே கல்லூரிக்கு எழுதித் திருத்தி வாங்குங்கள். வெளிநாட்டு மாணவர் பதிவு முறைக்கான 350 டாலர் செவிஸ் கட்டணத்தை விசா நேர்காணலுக்கு முன்பே கட்டி, ரசீதை அச்செடுத்து வையுங்கள்.

பாஸ்போர்ட், ஐ-20, சேர்க்கைக் கடிதம், பணவசதிச் சான்று எதையும் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். இவற்றைக் கேட்கும் குடிநுழைவு அதிகாரியைப் பார்த்த பிறகுதான் பெட்டி கைக்கு வரும். படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கும் முன்னதாகப் போனால் மாணவர் விசாவில் உள்ளே விடமாட்டார்கள். விடுமுறைக்கு ஊர் திரும்புமுன், ஐ-20-இல் கல்லூரி இட்ட பயணக் கையெழுத்து, மீண்டும் அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் ஓராண்டைத் தாண்டியிருக்காதே என்று பாருங்கள்.