குழந்தைக்குச் சன்ஸ்கிரீன்: டியூபின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்

முகப்பில் குழந்தைப் படமும் ‘பேபி’, ‘மினரல்’, ‘நேச்சுரல்’ என்ற சொற்களும் இருந்தால் பலர் அப்படியே வாங்கிவிடுகிறார்கள். வெயிலைத் தடுக்கும் பொருள் எது என்பது பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. இங்கே சொல்வது ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளுக்கு. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு நிழலும் பருத்தித் துணியும் போதும்.

1. முதலில் துணி. முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி. காலை பத்து முதல் மாலை நான்கு வரை வெயிலில் விளையாட விடாதீர்கள். துணி மூடாத இடத்துக்குத்தான் கிரீம்.

2. முகப்பில் பார்க்க வேண்டியவை மூன்று: எஸ்பிஎஃப் 30 முதல் 50 வரை, ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’, ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’. எஸ்பிஎஃப் 30 யுவிபி கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் சுமார் 98. 100 என்று போட்டிருப்பதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

3. இனி பின்பக்கம். பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். தேட வேண்டிய பெயர்கள் இரண்டு: ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாக அமைப்பான எஃப்டிஏ 2019-இல் வெளியிட்ட வரைவு விதியில், பாதுகாப்பானவை என்று ஏற்கப் போதிய சான்று இருப்பதாகச் சொன்னது இந்த இரண்டை மட்டுமே. வெயிலைத் தடுக்கும் வேறு 12 ரசாயனங்களுக்குக் கூடுதல் ஆய்வுத் தரவு கேட்டது. அவற்றில் சில தோல் வழியாக ரத்தத்தில் கலப்பதை அதே அமைப்பின் சோதனைகள் 2019, 2020-இல் காட்டின. ரத்தத்தில் கலந்தாலே தீங்கு என்று பொருளில்லை. ஆனால் குழந்தைக்கு உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு நம்மைவிட அதிகம், தோலும் மெல்லியது. நல்ல மாற்று கையில் இருக்கும்போது அந்த ரசாயனங்களைக் குழந்தைக்குப் பூச வேண்டிய அவசியமே இல்லை.

சிக்கல் என்னவென்றால், அந்த ரசாயனங்களில் சில வேறு பெயரில் வரும். ஆக்ஸிபென்சோன் ‘பென்சோபினோன்-3’ என்றும், ஆக்டினாக்ஸேட் ‘எத்தில்ஹெக்ஸில் மெத்தாக்ஸிசின்னமேட்’ என்றும், அவோபென்சோன் ‘பியூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன்’ என்றும் அச்சாகியிருக்கும். ஆக்டோகிரைலீன், ஹோமோசலேட் இரண்டும் சொந்தப் பெயரிலேயே இருக்கும். ஜிங்க் ஆக்சைடோடு இவற்றில் ஒன்றைக் கலந்துவிட்டு ‘மினரல்’ என்று விற்பதும் உண்டு. இவற்றில் ஒரு பெயர் தென்பட்டாலும் டியூபைத் திரும்ப வைத்துவிடுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்பதைவிட இது நிச்சயம்.

அதே பட்டியலில் ‘பர்ஃப்யூம்’, ‘ஃப்ரேக்ரன்ஸ்’ இருந்தாலும் வேண்டாம். குழந்தையின் கிரீமுக்கு வாசனையே கூடாது. வாசனைக்காகச் சேர்க்கும் எலுமிச்சை எண்ணெய்கூட வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கக்கூடியது. மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தியைத் தோலில் தங்கும் கிரீம்களில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை விதித்திருக்கிறது, நீங்களும் தவிருங்கள்.

4. லோஷனோ கிரீமோ மட்டும். ஸ்பிரேயும் பவுடரும் மூச்சோடு உள்ளே போகும்.

5. முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒருநாள் பாருங்கள். கரப்பான் உள்ள குழந்தை என்றால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

6. தாராளமாகப் பூசுங்கள். ஜிங்க் வெள்ளையாகத் தெரியத்தான் செய்யும். அதற்காக மெல்லிசாகத் தடவினால் டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் கிடைக்காது. காது மடல், பிடரி, புறங்கால் ஆகியவை விடுபடும் இடங்கள். வாய்க்குப் போகும் விரல்களுக்கும் கண்ணிமைக்கும் பூச வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரில் விளையாடிய பிறகும் மறுபடி பூச வேண்டும்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. அது தோலை மென்மையாக்கும். வெயிலைத் தடுக்கும் திறன் அதில் மிகக் குறைவு. கடையில் சரியான டியூப் கிடைக்கவில்லையா? கிடைத்ததை வாங்காதீர்கள். அன்றைக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போட்டு, வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள்.