மனத்தின் வேகம்

கேள்வி: கண்ணுக்குப் புலனாகாத சிந்தனையை விஞ்ஞானிகள் எங்ஙனம் ஆராய்கிறார்கள்?

பதில்: சிந்தனையைக் காண இயலாவிடினும், அதற்குச் செலவாகும் காலத்தை அளக்கலாம் என்னும் யுக்தியை, உட்ரெக்ட் நகரத்து உடலியல் பேராசிரியர் டாண்டர்ஸ் 1868-இல் வெளியிட்டார். காதில் விழும் அசையை உடனே திருப்பிச் சொல்லும்படி ஒருவரைப் பணித்து, வரப்போகும் அசையை முன்கூட்டி அறிவித்தும், பின்பு பல அசைகளுள் எது வருமென்று அறிவிக்காமலும் சோதித்து, பின்னதன் காலத்திலிருந்து முன்னதைக் கழித்தால், எஞ்சுவது இனங்கண்டு தேர்ந்தெடுக்க மனம் கொண்ட அவகாசமே என்பது அவர் சித்தாந்தம். ஒரு வேலையைக் கூட்டும்போது ஏனையவை மாறாதிருக்கும் என்பது வெறும் அனுமானம்தான். ஆயினும் எவ்வளவு அழகான அனுமானம்!

1913-இல் உளவியலாளர் வாட்சன், புறத்தே தெரியும் நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்னும் நடத்தைவாதத்தைப் பிரகடனம் செய்தபின், அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் மனத்தைப் பற்றிய பேச்சே ஏறக்குறைய பகிஷ்கரிக்கப்பட்டது. அப்பேச்சு மீண்டு வந்த காலத்தில், 1966-இல், உளவியலாளர் ஸ்டெர்ன்பெர்க் சில இலக்கங்களை மனத்தில் இருத்தச் செய்து, பிறகு காட்டிய இலக்கம் அவற்றுள் உண்டா என்று வினவியபோது, இருத்திய ஒவ்வோர் இலக்கத்திற்கும் விடையில் சுமார் 38 மில்லிவிநாடி தாமதம் கூடிற்று. இலக்கம் அகப்பட்ட பின்னரும் மனம் நிற்காமல் பட்டியல் முழுவதையும் துழாவுகிறது என்று அவர் ஊகித்தார்.