பினாங்கில் இரண்டு நாள்: எதை எடுப்பது, எதை விடுவது?

பினாங்குக்குக் கிளம்புகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும்: கொடிமலை, கெக் லோக் சி, சுவர் ஓவியங்கள், நாசி கண்டார், அசாம் லக்சா. எல்லாமே நல்லவைதான். ஆனால் இரண்டே நாளில் அத்தனையையும் முடித்துவிட நினைத்தால் பாதிப் பொழுது வரிசையில் போகும், மீதி வெயிலில் போகும். இந்த ஊரில் வேளை பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். காலையில் சுகமாக நடக்கிற தெரு நடுப்பகலில் தகிக்கும். மதியம் கூட்டம் மொய்க்கிற கடை இரவில் பூட்டிக் கிடக்கும்.

பாலமா, ஃபெர்ரியா?

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரி ஏறுவதே நல்லது. நிலையத்திலிருந்து துறைக்கு நடந்தே போய்விடலாம்; அக்கரையில் கால் வைத்ததும் பழைய நகரமான ஜார்ஜ் டவுன் தொடங்கிவிடும். காரில் வருகிறவர்களுக்கு 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் இருக்கிறது. ஆனால் ஜார்ஜ் டவுனுக்குள் கார் ஒரு சுமை. தெருக்கள் குறுகல், நிறுத்த இடம் கிடைப்பது அரிது. வண்டியை விடுதியில் விட்டுவிட்டு நடங்கள்.

ஒரே நாள் என்றால்: நகரம்

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் மலையை விட்டுவிட்டு நகரத்தை எடுங்கள். மலைக்காற்றுக்கு வேறு ஊர்கள் உண்டு. 2008-இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த இந்தத் தெருக்களுக்கு ஈடு வேறெங்கும் இல்லை.

காலை எட்டு மணிக்கு 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் ஊதுபத்திப் புகை சூழ்ந்த குவான் யின் கோயில். அடுத்த தெருவான குவீன் தெருவில் 1833-இன் மகாமாரியம்மன் கோயில். திரும்ப வந்து நடந்தால், சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் 1801-இல் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். நான்கு சமயத்தாரின் வழிபாட்டிடங்களும் நிதானமான கால்மணி நடைக்குள் அடங்கிவிடுகின்றன. சூலியா தெரு மூலையில் நாகூர் ஆண்டவரின் நினைவாக எழுந்த சிறிய தர்காவையும் தவறவிடாதீர்கள்.

மாளிகைகளில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் கூ கொங்சிக்குப் போங்கள். முந்தைய கட்டடம் 1901-இல் தீக்கிரையானபின் கூ குலத்தார் 1906-இல் கட்டி முடித்தது இது. தூண், உத்தரம், கூரை முகடு என்று கண் போகும் இடமெல்லாம் செதுக்கு வேலை. நகை, பீங்கான், பழைய மரச்சாமான்களில் ஆசை உள்ளவர்களுக்குப் பெரானாக்கான் மாளிகை பொருந்தும். கட்டடக் கலையை ஒருவர் விளக்கக் கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் சியோங் ஃபாட் சீயின் நீல மாளிகைக்குப் போகலாம். சுற்றிக்காட்டும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்மீனியன் தெருவில் எர்னஸ்ட் சகாரெவிச் 2012-இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். பிறகு படம் எடுப்போர் வரிசை நீளும். சியூ ஜெட்டியின் மர வீடுகளுக்கு மாலை வெயில் சரிந்த நேரம் ஏற்றது. அங்கே குடும்பங்கள் வசிக்கின்றன. கேட்காமல் வீட்டுக்குள் படம் பிடிக்க வேண்டாம்.

இரண்டாம் நாள்: மூன்று குன்றுகள்

கொடிமலைக்கு 1923-இலிருந்து கம்பிவட ரயில் ஓடுகிறது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் சிரமமில்லாமல் மேலே போகலாம். பிற்பகலில் மேகம் மூடிவிட்டால் எதுவும் தெரியாது, அதனால் காலை முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடியுங்கள். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் வரிசை மிக நீளம்.

ஆயர் ஈத்தாமில் இருக்கும் கெக் லோக் சி பௌத்தக் கோயிலை அதே அரைநாளில் சேர்த்துக்கொள்ளலாம். 1930-இல் முடிந்த அதன் கோபுரத்தின் அடிப்பகுதி சீன பாணி, நடு சயாமிய பாணி, உச்சி பர்மிய பாணி. படிகள் நிறைய உண்டு. குவான் யின் சிலைக்கு மட்டும் சாய்வு லிஃப்ட் இருக்கிறது.

தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி ஏற வேண்டும். தைப்பூசத்துக்கு வந்தால் மற்ற இரண்டையும் மறந்துவிட்டு இங்கே இருங்கள். நகரத்தார்களின் வெள்ளி ரதமும் 2017-இலிருந்து தங்க ரதமும் நகரத் தெருக்களைக் கடந்து வரும். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல், தேங்காய்க் குவியல். மற்ற நாட்களில் வெயில் ஏறுமுன் மேலே போய்விடுங்கள்.

சாப்பாடு: வேளைக்கு ஒன்று

காலை: வயிறு நிறைய வேண்டும் என்றால் டிரான்ஸ்ஃபர் ரோட்டில் கறிக்குழம்பு ஊற்றிய ரொட்டி சானாய். கொஞ்சம் போதும் என்றால் மண்சட்டியில், கரி அடுப்பில் சுடும் ஆப்பம்: ஓரம் மொறுமொறு, நடுவில் தேங்காய்ப்பால் இனிப்பு.

மதியம்: நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி கட்டிச் சுமந்து விற்ற சோறு இது. கேம்பல் தெருவின் ஹமீதியா 1907-இலிருந்து இருக்கிறது. குடும்பத்தோடு உட்கார அது வசதி. பினாங்கு ரோடு சந்தில் உள்ள லைன் கிளியர் நெரிசலாக இருக்கும், ஆனால் பரபரப்பே அதன் சுவை. பரிமாறுபவர் சோற்றை வைத்ததும் கோழி, மீன், வெண்டைக்காய் என்று காட்டுங்கள். கடைசியில் நாலைந்து குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். அந்தக் கலப்பில்தான் ருசி. பெரிய இறால், கணவாய், மீன் சினை ஆகியவை எடுத்தால் பில் சட்டென்று ஏறும், முதலிலேயே விலை கேளுங்கள்.

பிற்பகல்: ஆயர் ஈத்தாமில் இருந்தால் அசாம் லக்சா, புளிப்பும் மீனும் புதினாவும் சேர்ந்த காரக் கிண்ணம். நகரத்தில் இருந்தால் கெங் குவீ சந்தின் செண்டோல்.

இரவு: பிள்ளைகளோடு வந்தவர்களுக்குக் கர்னி டிரைவ். இடம் விசாலம், ஹலால் பகுதி தனியாக உண்டு, பசெம்பூரும் கிடைக்கும். நண்பர்களோடு என்றால் சூலியா தெரு வண்டிக்கடைகள்.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க: லக்சாவின் அடிக்குழம்பே மீன். வறுத்த அரிசி நூடுல்ஸான சார் குவே தியாவில் இறாலும் சிப்பியும் விழும், பல கடைகளில் பன்றிக் கொழுப்பும் சேரும். காய்கறிச் சம்பலிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கலாம். லிட்டில் இந்தியாவின் சைவ உணவகங்களும் சீன சைவக் கடைகளும் நம்பகமானவை.

முடிவாக

ஒரு நாள் மட்டும் என்றால் காலை நடை, மதியம் நாசி கண்டார், மாலை ஜெட்டி, இரவு சூலியா தெரு. இரண்டு நாள் என்றால் மறுநாள் விடியலில் கொடிமலை, பிறகு கெக் லோக் சி, இறங்கி வந்து லக்சா. நேரம் போதாவிட்டால் மலையை வெட்டுங்கள், நகர நடையை வெட்டாதீர்கள். பள்ளிவாசல், அம்மன் கோயில், தர்கா, நாசி கண்டார் எல்லாமே கடல் கடந்து வந்த நம் மக்கள் இங்கே நட்டு வளர்த்தவை. தமிழர்கள் இந்த ஊருக்கு வந்து முதலில் பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.