ரைஃபிள் சரி, லேத்தில் ஏற்றாதீர்கள்

கேள்வி: வக்கீல் சார், எனக்கு வயது 28. ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியின் டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். லேத், சிஎன்சி, கிரைண்டிங் எல்லாம் கைவந்த வேலை. அமெரிக்காவில் ஒருவர் முதன்முறையாக விலை குறைந்த லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றை வாங்கி, கட்டையை மாற்றி, ஸ்கோப் பூட்டி, பேரல் நுனியில் மரை போட்டு சைலன்சர் மாட்டுவதை யூடியூபில் பார்த்தேன். அதிலிருந்து எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்ற ஆசை விடவில்லை. சொந்தமாக வீடோ நிலமோ என் பெயரில் கிடையாது. லைசென்ஸ் கிடைக்குமா? அந்த மாதிரி ரைஃபிளை இங்கே எங்கே வாங்கலாம்? லைசென்ஸ் வாங்கியபின், என் சொந்தத் துப்பாக்கியில் நானே மாற்றங்கள் செய்துகொண்டால் தப்பா? சைலன்சருக்கு டிராயிங்கூடப் போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் மதுராந்தகம் பக்கம். அப்பாவின் நிலத்தில் பன்றித் தொல்லையும் உண்டு. கூடவே ஒன்று: எங்கள் லைனில் வேலை செய்யும் குடகு நண்பர், தங்கள் வீட்டில் லைசென்ஸே இல்லாமல் துப்பாக்கி இருப்பதாகச் சொல்கிறார். அது எப்படி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஒரகடம்

பதில்: மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டில் கோட்டைவிட்டால் துப்பாக்கி கிடைக்காது, அவ்வளவுதான். இதில் கோட்டைவிட்டால் ஜாமீனுக்கு அலைய வேண்டிவரும்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் வைத்திருப்பதற்கான உரிமம் வேறு, கைவைப்பதற்கான உரிமம் வேறு. வைத்திருக்க 3-ஆவது பிரிவு. தயாரிக்க, விற்க, கைமாற்ற, உருமாற்ற, பழுதுபார்க்க, சோதித்துப் பார்க்க 5-ஆவது பிரிவு. அதற்குத் தனி உரிமம் வேண்டும். அது ஆயுத வியாபாரிகளுக்கும் பழுதுபார்ப்பவர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் தரப்படுவது. உங்கள் பெயரில் ரைஃபிள் உரிமம் இருந்தாலும் அதை லேத்தில் ஏற்றும் அதிகாரம் அதோடு சேர்ந்து வராது. ‘என் சொந்தத் துப்பாக்கிதானே’ என்ற வாதத்துக்கு நீதிமன்றத்தில் இடமில்லை.

சைலன்சர் விஷயம் இன்னும் மோசம். ‘துப்பாக்கி’ என்றால் என்ன என்று சட்டத்தின் 2-ஆவது பிரிவு சொல்லும் இடத்தைப் படித்துப் பாருங்கள். சத்தத்தையோ நெருப்பு வெளிச்சத்தையோ குறைக்கும் துணைக் கருவியும் துப்பாக்கிதான். துப்பாக்கியின் பாகங்களும் துப்பாக்கிதான். அதைச் செய்வதற்கான இயந்திரங்களும் அந்த வரையறைக்குள் வருகின்றன. ஆக, வீட்டில் ரைஃபிளே இல்லாமல் நீங்கள் கடைந்த சைலன்சர் மட்டும் மேஜை டிராயரில் கிடந்தாலும், உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரித்து வைத்திருந்ததாகத்தான் எஃப்.ஐ.ஆர். எழுதுவார்கள். முன்பு இதற்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை தண்டனை. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சமே ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். பேரலை அறுத்துக் குட்டையாக்குவதும், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதும் 6-ஆவது பிரிவில் வருகின்றன. தண்டனை அதே அளவு. லீவர் ஆக்‌ஷனைக் குட்டையாக அறுத்து இடுப்பில் செருகிக்கொள்வது கௌபாய் படங்களில் பார்க்க அழகாக இருக்கும். இங்கே அது ஏழு ஆண்டுக் கணக்கில் தொடங்கும்.

உங்கள் தொழிலை வைத்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷிப்ட் முடிந்தபின் யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு கடைந்துவிடலாம் என்று நினைத்தால், டூல் ரூம் எவ்வளவு தடயம் விட்டுவைக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சிஎன்சி கண்ட்ரோலரில் புரோகிராம் நிற்கும். ஸ்டோரிலிருந்து எடுத்த ராடுக்கு எடைக் கணக்கு இருக்கும். ஜாப் கார்டு இல்லாமல் மெஷின் ஓடிய நேரம் இருக்கும், கேமரா இருக்கும், கேட் பாஸ் இல்லாமல் வெளியே போன பொருள் இருக்கும். ஆயுதச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு கம்பெனிகள் செய்யும் குற்றத்தைப் பற்றியது. கம்பெனியை நடத்தும் பொறுப்பில் இருந்தவர், தனக்குத் தெரியாமல் நடந்தது என்று தானே நிரூபித்தாக வேண்டிய நிலை வரலாம். பெரிய கம்பெனிகளுக்கு சப்ளை செய்து பிழைக்கும் சின்ன யூனிட் முதலாளிக்கு இப்படி ஒரு எஃப்.ஐ.ஆர். போதும், ஆர்டர் போய்விடும். உங்கள் டிராயிங் இன்றைக்குக் காகிதமாக மட்டும்தான் இருக்கிறது. காகிதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதைத்தான் மாற்றலாம்? தோள்வார், உறை, கட்டையின் பின்முனையில் ரப்பர் பேட், மரத்துக்கு எண்ணெய், பேரல் சுத்தம் - இதிலெல்லாம் யாரும் குறை காண மாட்டார்கள். கட்டையை மாற்றுவது, ஸ்கோப்புக்காக ரிசீவரில் துளைபோட்டு மரை எடுப்பது போன்றவற்றை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, துப்பாக்கி எண் குறித்த ரசீதோடு செய்துகொள்ளுங்கள். மெருகு போடுகிறேன் என்று தொடர் எண்ணையும் தயாரிப்பாளர் முத்திரையையும் தேய்த்துவிடக் கூடாது. அடையாளக் குறி இல்லாத துப்பாக்கி கையில் இருந்தால், அதை அழித்தது நீங்கள்தான் என்று 8-ஆவது பிரிவு அனுமானித்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுவது உங்கள் பாடு.

இனி, அந்த ரைஃபிள் இங்கே கிடைக்குமா என்பது. லீவர் ஆக்‌ஷன் என்பது கைப்பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் பழைய ஏற்பாடு. வின்செஸ்டர் 1873 மாடலால் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. தானியங்கி அல்ல, அரைத் தானியங்கியும் அல்ல என்பதால், தடைசெய்யப்படாத துளையளவில் இருந்தால் சட்டம் அதைத் தனியாக விலக்கி வைக்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில். 1980-களின் நடுவிலிருந்தே தனிநபர் துப்பாக்கி இறக்குமதிக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. தேசிய அளவில் பேர் எடுத்த போட்டி வீரர்களுக்குத்தான் விலக்கு. உள்நாட்டில், பழைய ஆர்டனன்ஸ் தொழிற்சாலைகளை 2021 அக்டோபரில் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது, சிறு ஆயுதங்கள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்திடம் போயின. நம் திருச்சி தொழிற்சாலையும் அதில்தான் இருக்கிறது. பொதுமக்களுக்கான அவர்கள் பட்டியலில் .315, .30-06 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்கள், .22 ரைஃபிள், 12 போர் துப்பாக்கிகள், .32 ரிவால்வர், பிஸ்டல் என்று வரும். லீவர் ஆக்‌ஷன் கிடையாது.

மிஞ்சுவது பழைய சரக்கு. தடைக்கு முன்பு வந்து, எஸ்டேட் வீடுகளிலும் ஜமீன் வாரிசுகளிடமும் தங்கிவிட்ட வின்செஸ்டர்கள். வியாபாரியிடம் வந்தால் அவர் கணக்கில் வாங்கலாம். தனிநபர் உங்களிடம் நேரடியாக விற்பதானால், உங்களிடம் உரிமம் இருக்க வேண்டும்; அவர் விற்கப்போவதையும் உங்கள் பெயர் முகவரியையும் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். முன்பணம் கொடுத்துத் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, காகிதம் பின்னால் வரும் என்று இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதற்கு மட்டுமே இப்போது இரண்டு முதல் ஐந்து ஆண்டு. இறக்குமதி நின்றுபோனதால் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கி இங்கே மலிவாகக் கிடைப்பதும் இல்லை. தோட்டா இன்னொரு தலைவலி. .30-30 போன்ற அமெரிக்க அளவுத் தோட்டாக்கள் நம் அரசு தொழிற்சாலைகளின் பட்டியலில் இல்லை. என்னைக் கேட்டால், முதல் துப்பாக்கியாக இதை வாங்குவது ஷோகேஸ் சாமான் வாங்குவது.

உரிமம் பற்றிய உங்கள் கவலை பாதி தேவையற்றது. விண்ணப்பதாரருக்குப் போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 14-ஆவது பிரிவே சொல்கிறது. வாடகை வீட்டில் இருந்துகொண்டும் விண்ணப்பிக்கலாம். 21 வயது முடிந்திருக்க வேண்டும், உங்களுக்கு முடிந்துவிட்டது. ஆனால் எதற்குக் கேட்கிறீர்கள் என்பதில்தான் வழி பிரிகிறது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத பேரல் உள்ள, உள்வரியில்லாத ஷாட்கன், அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினருக்குக் குறிபார்ப்புப் பயிற்சிக்கான .22 - இவற்றுக்கு, தடையேதும் இல்லையென்றால் உரிமம் ‘வழங்க வேண்டும்’ என்பது 13-ஆவது பிரிவின் நடை. பெரிய துளை ரைஃபிள் அந்தப் பட்டியலில் இல்லை. தகுந்த காரணம் இருக்கிறது என்று அதிகாரி திருப்தி அடைய வேண்டும். வீடியோ பார்த்து ஆசை வந்தது தகுந்த காரணம் ஆகாது. ஆயுதம் வைத்திருப்பதை அமெரிக்க அரசியல் சாசனம் உரிமையாகத் தந்திருப்பதுபோல நம்முடையது தரவில்லை என்பதை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது.

விண்ணப்பம் ஏ-1 படிவத்தில், இணையம் வழியாக. ஆயுதம் கையாளும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் தேவை. சாதாரணமாகக் குடியிருக்கும் இடமோ வேலை பார்க்கும் இடமோ எந்த எல்லையில் இருக்கிறதோ அங்கே கொடுக்க வேண்டும். ஒரகடத்துக்குக் காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர். ஆனால் நீங்கள் அறை எடுத்திருப்பது மணிமங்கலம், சோமங்கலம் பக்கமென்றால், 2022-இல் தாம்பரம் போலீஸ் கமிஷனரேட் வந்தபின் கதை வேறு. முதலில் உங்கள் தெரு எந்தக் காவல் நிலையத்துக்கு உட்பட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள். போலீஸ் அறிக்கை 30 நாளில், அது வந்தபின் முடிவு 60 நாளில் என்பது விதி. நடைமுறையில் இழுக்கும். அதுவும் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் ஸ்கிராப் கான்ட்ராக்ட் தகராறுகளில் வெட்டுக்குத்து பார்த்துப் பழகிய நிலையங்கள்; துப்பாக்கி என்றதும் ஸ்கிராப், நிலம், வட்டி என்று எதிலாவது உங்களுக்குச் சம்பந்தம் உண்டா என்று தோண்டித் துருவத்தான் செய்வார்கள். கோபப்படாதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உரிமம் கிடைத்தால் ஐந்தாண்டு செல்லும். ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்லி நிலையத்திலிருந்து ஆள் வரும். கையில் ஏந்தி ரீல்ஸ் எடுப்பதெல்லாம் வேண்டாம். பொது இடத்தில் துப்பாக்கியைக் காட்டி வீசுவதை 2016 விதிகள் அடியோடு தடுக்கின்றன. கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்பாவின் நிலத்துப் பன்றியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட 2025 தொடக்கத்தில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாடும் வனத்துறையினருக்கானது, நிலக்காரருக்கானது அல்ல. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமம் கேட்க வழி உண்டு. அது குழல்வாய் வழியே வெடிமருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு, அது போதாதென்றால் உள்வரியில்லாத வேறு துப்பாக்கிக்கு. ரைஃபிளுக்கு அல்ல. இன்னொரு முடிச்சும் உண்டு. சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவில் புதிய உரிமம் தருவதென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு. மதுராந்தகம் வட்டத்தில் வேடந்தாங்கல், கரிக்கிலி சரணாலயங்கள் இருக்கின்றன. ஊர் முகவரியில் விண்ணப்பித்தால் இது குறுக்கே வரலாம். வேலை பார்க்கும் இடத்து முகவரியில் வராது.

குடகு நண்பர் சொல்வது உண்மைதான். குடவ இனத்தாருக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே விலக்கு உண்டு. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. அந்த விலக்கு அவருக்குத்தான். அவருடைய துப்பாக்கியை நீங்கள் வாங்கி உங்கள் அறையில் வைத்தால் அது கூடவே வராது.

என் யோசனை இதுதான். அங்கீகாரம் பெற்ற ஒரு ரைஃபிள் கிளப்பில் சேருங்கள். புதுக்கோட்டைக்காரர் பிருத்விராஜ் தொண்டைமான் ஒலிம்பிக் வரை போனது முறையான போட்டி வழியில்தான். ஓராண்டு .22-இல் பயிற்சி எடுத்து, அந்த உறுப்பினர் சான்றோடு விண்ணப்பித்தால் வீடியோ ஆசையைவிட வலுவான காரணம் உங்கள் கையில் இருக்கும். அதுவரை கை அரிக்கிறது என்றால் ஏர் ரைஃபிள் வாங்குங்கள். .177 அளவுக்கு மிகாமலும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் உரிமம் வேண்டாம். அடையாளச் சான்று கொடுத்தால் போதும். லீவர் இழுக்கும் மாடல்கள்கூட அதில் உண்டு. ஆனால் அதிலும் உங்கள் கைவேலையைக் காட்டி பலமான ஸ்பிரிங் போட்டு 20 ஜூலைத் தாண்டவிட்டால், உரிமம் இல்லாத ஆயுதம் வைத்திருப்பவர் ஆகிவிடுவீர்கள். வாங்கும்போது பில்லில் மாடல், அளவு, ஜூல் மூன்றையும் எழுதி வாங்கிப் பெட்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். அறையில் சோதனை என்று யாராவது வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.